சுக்கான் புஷ்: வெள்ளை ராடு எல்லாம் ஒன்றில்லை

படிக்க நேரமில்லாதவர்களுக்காக முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னப் பாய்மரப் படகின் சுக்கானுக்குப் புது புஷ், அதாவது சுக்கானின் ஷாஃப்ட் உள்ளே திரும்பும் குழல் போன்ற வளையம், போடுவதாக இருந்தால் அசிட்டால் என்ற பிளாஸ்டிக்கைப் போடுங்கள், டெல்ரின் என்று விற்கிறார்களே, அந்தக் குடும்பம். பி.இ.டி ராடு கிடைத்தால் அதுவும் நல்லது, ஒரு விதத்தில் இன்னும் நல்லது. நைலான் மட்டும் வேண்டவே வேண்டாம். இந்த மூன்று வரியைக் கற்றுக்கொள்ள நான் ஒரே வேலைக்காக இரண்டு முறை படகைக் கரையேற்றினேன், அதனால் மீதியையும் கொட்டிவிடுகிறேன்.

என் படகு 7 மீட்டர். சுக்கான் பின்பலகையில் கீல் போட்டு மாட்டும் வகை இல்லை, படகின் அடியிலிருந்து தனியாகத் தொங்கும் வகை. 40 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் ஒரு குழாய் வழியாக மேலே வருகிறது, குழாயின் அடியில் ஒரு புஷ், மேலே ஒரு புஷ், அதற்கும் மேலே டில்லர், சுக்கானைத் திருப்பும் கைப்பிடி. அவ்வளவுதான், இதைவிட எளிமையான சாதனம் படகில் வேறு கிடையாது. ஆனால் நங்கூரம் போட்டுப் படுத்தால் இரவெல்லாம் தலைமாட்டில் டொக், டொக் என்று சத்தம். சின்ன அலைக்குக்கூடச் சுக்கான் குழாய்க்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இடிக்கிறது. படகைக் கரையேற்றி சுக்கானின் நுனியைப் பிடித்து ஆட்டினேன், முக்கால் சென்டிமீட்டர் ஆடுகிறது. உடனே புஷ் முழுக்கப் போய்விட்டது என்று பயப்படத் தேவையில்லை. இரண்டு புஷ்ஷும் 60 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்து, சுக்கான் கீழ் புஷ்ஷிலிருந்து 120 சென்டிமீட்டர் தொங்கினால், புஷ்ஷில் இருக்கும் ஆட்டம் நுனியில் ஐந்து மடங்காகத் தெரியும். எனக்குத் தேய்ந்திருந்தது ஒன்றரை மில்லிமீட்டர். ஆனாலும் ஒன்றரை என்பது அதிகம்தான், மாற்ற வேண்டியதுதான்.

பழைய புஷ்ஷைக் கழற்றி அளவெடுத்து, பிளாஸ்டிக் ராடு விற்கும் ஒரு கடைக்குப் போனேன். டெல்ரின் வேண்டும் என்றுதான் கேட்டேன். வெள்ளையாக ஒரு துண்டை எடுத்துப் போட்டார். இது டெல்ரின்தானா என்றால், "எல்லாம் ஒண்ணுதான் சார், புஷ்ஷுக்கு எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்க" என்றார். அவர் சொன்னது பொய்யுமில்லை, கன்வேயர், டிராலி, கேட் சக்கரம் என்று எல்லாவற்றுக்கும் அதைத்தான் வாங்கிப்போகிறார்கள், அங்கே அது நன்றாகவும் உழைக்கிறது. அது நைலான். சின்னச் சுமையில் சத்தமில்லாமல் ஓடும், அடி தாங்கும், லேத்தில் அழகாகச் சீவும். ஒரே ஒரு குணம்தான் கெட்ட குணம், தண்ணீர் குடிக்கும்.

முதல் வாரம் சொர்க்கம். சத்தம் நின்றுவிட்டது, டில்லர் விரலால் தொட்டால் திரும்பியது. ஒரு மாதத்தில் லேசாக இறுகியது, புது புஷ் அல்லவா, பழகட்டும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது மாதம் டில்லரை விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கிறது. பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று தெரியும், காற்று ஏறுகிறதா இறங்குகிறதா, பாய் சரியாக இருக்கிறதா என்பதையெல்லாம் கைக்குச் சொல்வது டில்லர்தான், அது ஊமையாகிவிட்டால் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுவது போல. நான் மணல் போயிருக்கும் என்று நினைத்தேன், மேலிருந்து கிரீஸ் அடித்தேன், சிப்பி ஒட்டியிருக்குமோ என்று மூழ்கிப் பார்த்தேன். கடைசியில் மறுபடி கரையேற்றி, சுக்கானைக் கீழே இறக்க மரச்சுத்தியலால் அரை மணி நேரம் தட்ட வேண்டியிருந்தது. கீழ் புஷ் ஷாஃப்டைக் கவ்விப் பிடித்திருந்தது. மேல் புஷ்ஷில் ஒன்றும் பிரச்சினையில்லை, அது தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்கிறது.

கணக்கைப் பார்த்தால் இது நடந்தே தீரும். நைலான் 6 தண்ணீரிலேயே கிடந்தால், முழுக்க ஊறும்போது தன் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், ஒவ்வொரு திசையிலும் இரண்டரை சதவீதம் போல நீளும். என் புஷ்ஷின் சுவர் 5 மில்லிமீட்டர். வெளியே குழாய் இருக்கிறது, அந்தப் பக்கம் நகர இடமில்லை, ஆக தடிக்கிற அத்தனையும் உள்பக்கம்தான் வர வேண்டும். சுவருக்கு எட்டில் ஒரு பங்கு மில்லிமீட்டர் என்றாலும் இரண்டு பக்கத்துக்குமாகக் கால் மில்லிமீட்டர் ஆகிறது, குழாய் நெருக்குவதால் உண்மையில் அதற்கும் மேலேயே வரும். நான் விட்டிருந்த இடைவெளி 0.1 மில்லிமீட்டர். மெதுவாக ஊறுவதால்தான் மாதக் கணக்கில் ஆகிறது, யாருக்கும் சட்டென்று சந்தேகமும் வருவதில்லை. இதில் கறுப்பாக, மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த நைலானும் உண்டு, எண்ணெய் கலந்ததும் உண்டு, உராய்வு குறையும் என்று சிபாரிசு செய்வார்கள். உராய்வு குறையலாம், அடிப்படை நைலான்தானே, அதுவும் குடிக்கும்.

அப்புறம்தான் வெள்ளை ராடை எப்படி அடையாளம் காண்பது என்று உட்கார்ந்து யோசித்தேன். இது கைவசம் இருந்தால் கடைக்காரரை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. ஒரு சின்னத் துண்டை நல்ல தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரோப்பிலீன். மூழ்கினால் அடுத்த சோதனை: அந்தத் தண்ணீரில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டே போங்கள், இதற்கு மேல் கரையாது என்று அடியில் தங்கும்வரை. அந்தக் கரைசலின் அடர்த்தி சுமார் 1.2. நைலானின் அடர்த்தி 1.14 பக்கம், அது மேலே வந்துவிடும். அசிட்டால் 1.41, பி.இ.டி 1.38, இரண்டும் அடியிலேயே கிடக்கும். டெஃப்லான் 2.2, கையில் வாங்கும்போதே கல் மாதிரி கனக்கும். துண்டில் காற்றுக் குமிழி ஒட்டாமல் துடைத்துவிட்டுப் போடுங்கள். கொளுத்திப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றும் சொல்வார்கள், செய்யாதீர்கள், அசிட்டால் எரிந்தால் வருவது ஃபார்மால்டிஹைடு. எனக்கு வந்த ராடு உப்புத் தண்ணீரில் தக்கை போல மிதந்தது. லேத்துக்குப் போவதற்கு முன்னால் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

எது பலமானது என்று கேட்பதைத்தான் இந்தத் தேர்வில் பலர் முதலில் செய்கிறார்கள், நானும் செய்தேன். ஒரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தக் கவலை போய்விடும். என் சுக்கானின் பரப்பு சுமார் 0.3 சதுர மீட்டர். 6 நாட் வேகத்தில், அதாவது வினாடிக்கு 3 மீட்டர் சொச்சத்தில், சுக்கானை நன்றாகத் திருப்பினால் அதன்மேல் பக்கவாட்டில் விழும் விசை ஏறத்தாழ 150 கிலோ. அது சுக்கானின் நடுவில், கீழ் புஷ்ஷுக்கு 60 சென்டிமீட்டர் கீழே விழுகிறது என்று வைத்துக்கொண்டால், நெம்புகோல் கணக்கில் மேல் புஷ்ஷுக்கு 150, கீழ் புஷ்ஷுக்கு 300 கிலோ. பெரிய எண்ணாகத்தான் தெரிகிறது. ஆனால் கீழ் புஷ் 40 விட்டம், 50 நீளம், அந்த 20 சதுர சென்டிமீட்டருக்குப் பிரித்தால் சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோதான், அசிட்டால் இதைப் போலப் பத்து மடங்குக்கு மேல் தாங்கும். அலையில் பின்னோக்கித் தள்ளப்பட்டாலோ, வேகம் இரண்டு மடங்காகி விசை நான்கு மடங்கானாலோகூடச் சமாளிக்கும். ஆக இந்த அளவுப் படகில் புஷ் நசுங்கிப் போவதில்லை, வீங்கித்தான் கெடும், அல்லது ஷாஃப்ட் கோணலாக உட்கார்ந்து ஓரத்தில் மட்டும் அழுத்தித் தேயும்.

இந்தக் கண்ணோட்டத்தில் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

அசிட்டால். இப்போது என் படகில் இருப்பது இதுதான், இரண்டு வருடமாகிறது. முழுக்க ஊறினாலும் குடிப்பது ஒரு சதவீதத்துக்குள். வாங்கிய ராடிலிருந்து 40 கிராம் துண்டு ஒன்றையும், பழைய நைலானில் காயவைத்து மீதமிருந்த 30 கிராம் துண்டையும் மூன்று வாரம் ஒரே வாளித் தண்ணீரில் போட்டு, நகைத் தராசு போன்ற சின்னத் தராசில் நிறுத்தேன். நைலான் 30.9 காட்டியது, இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. அசிட்டாலில் 0.2 கிராம்தான் ஏறியது. இதில் ஹோமோபாலிமர், கோபாலிமர் என்று இரண்டு வகை. டெல்ரின் என்பது ட்யூபான்ட் கொண்டுவந்த ஹோமோபாலிமரின் பெயர், கொஞ்சம் கூடுதல் கடினம், ஆனால் தடித்த ராடில் நடு மையத்தில் நுண்ணிய துளைகள் இருக்கும். நாம் நடுவைத்தான் குடைந்து எறியப் போகிறோம் என்பதால் புஷ்ஷுக்கு இது ஒரு பொருட்டே இல்லை, பெயர் போட்டதுதான் வேண்டும் என்று அலையாதீர்கள். நிறத்தில் மட்டும் கறுப்பாகப் பார்த்து வாங்குங்கள், வெள்ளை அசிட்டால் வெயிலில் மேல்தோல் மாவு போல உதிரும், டெக்குக்கு மேலே எட்டிப் பார்க்கும் மேல் புஷ்ஷுக்கு அது ஆகாது. குறை என்று சொன்னால், இதைச் சாதாரணப் பசை எதைக் கொண்டும் ஒட்ட முடியாது. எபாக்சி பிடிக்காது. அதை எப்படிச் சமாளித்தேன் என்று கீழே வருகிறது.

பி.இ.டி. தண்ணீர் பாட்டில் செய்யும் அதே குடும்பம்தான், ஆனால் கெட்டியாக, பால் வெள்ளையாக ராடாக வரும், எர்ட்டாலைட் என்ற பெயரில் பார்த்திருப்பீர்கள். அசிட்டாலைவிட இன்னும் குறைவாக, முழுக்க ஊறினாலும் அரை சதவீதம் போலத்தான் குடிக்கும், வெப்பத்துக்கும் குறைவாக நீளும், லேத்திலிருந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாக வருகிறது. மேல் புஷ்ஷுக்கு ஒன்று செய்து பார்த்தேன், அற்புதம். ஆனால் ஓரம் சட்டென்று சில்லு தெறிக்கும், உள்ளே தட்டி இறக்கும்போது ஒரு மூலை போய்விட்டது, என் அவசரம்தான். எல்லா ஓரத்தையும் மழுக்கிவிட்டு, தட்டாமல் போல்ட் போட்டு இழுத்து இறக்கினால் இதுவே முதலிடம்.

யூ.எச்.எம்.டபிள்யூ, அதாவது மூலக்கூறு எடை மிக அதிகமான பாலிஎத்திலீன். தண்ணீரே குடிக்காது, வழுக்கும், வெட்டுப்பலகை செய்யும் சாமான், பார்த்தவுடன் ஆசை வரும். நானும் ஒரு ஜோடி புஷ் கடைந்து பார்த்தேன். லேத்தில் சுருள் அறுந்து விழாமல் நூல்கண்டு போலக் கருவியைச் சுற்றிக்கொள்கிறது, ஓரமெல்லாம் பிசிறு, சூடாக இருக்கும்போது ஓர் அளவு, ஆறினால் வேறு அளவு. 30 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு 50 மில்லிமீட்டரில் 0.3 மில்லிமீட்டர் மாறும், அசிட்டாலில் அதில் பாதிதான். மென்மை வேறு, நாளெல்லாம் ஒரே பக்கம் அழுத்திக்கொண்டிருந்தால் மெல்ல ஒதுங்கிக் கொடுத்துவிடும். புஷ்ஷாக வேண்டாம். ஆனால் சுக்கானின் எடையைத் தாங்கும் வாஷராக இதை மிஞ்ச ஆளில்லை, அங்கே துல்லியம் தேவையில்லை, வழுக்கினால் போதும். என் படகில் டில்லர் தலைக்கும் மேல் புஷ்ஷுக்கும் நடுவே 6 மில்லிமீட்டர் வாஷராக இருக்கிறது.

டெஃப்லான் பற்றி ஒரு வரி போதும்: சும்மா வைத்தாலே அமுங்கி ஓடும், போதாததற்கு 19 டிகிரி பக்கத்தில் உள்ளமைப்பு மாறிக் கன அளவே ஒரு சதவீதம் போல நகரும்.

வெண்கலம், அதன் ஒரு வகையான கன்மெட்டல் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஷாஃப்ட் என்றால் காலங்காலமாகப் போட்டு ஓட்டியிருக்கிறார்கள், கெட்டுப்போவதில்லை. ஆனால் தேய்ந்தால் ஷாஃப்டும் சேர்ந்து தேயும், கிரீஸ் வேண்டும், கொஞ்சம் கோணலானாலும் மன்னிக்காது. அலுமினிய ஷாஃப்ட் என்றால் பேச்சே கிடையாது, உப்புத் தண்ணீரில் வெண்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அலுமினியம் அரித்துப் பொடியாகிவிடும். பித்தளையைத் தொடவே வேண்டாம், கடல்நீர் அதிலிருந்து துத்தநாகத்தை உருவி எடுத்துக்கொண்டு சிவப்பாகச் செம்புப் பஞ்சை விட்டுப்போகும். கிராஃபைட் கலந்த புஷ்ஷும் உலோகத்துக்குப் பக்கத்தில் இதே அரிப்பு வேலையைச் செய்யும். கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் பலமானது என்று யாராவது நீட்டினால், அது ஷாஃப்டை அரம் போல ராவும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

உருளை வைத்த ரோலர் பேரிங், கோளமாகச் சுழன்று தானே நேராகிக்கொள்ளும் பேரிங் எல்லாம் டென்மார்க்கின் ஜெஃபா போன்றவர்கள் செய்கிறார்கள். பெரிய படகுக்கும் வேகப் படகுக்கும் அதில் அர்த்தமுண்டு. என் அளவுக்கு அது அதிகம். கப்பல்காரர்கள் போடும் வெஸ்கோனைட், தோர்டான் என்ற பேரிங் பிளாஸ்டிக்குகளும் தண்ணீருக்கென்றே செய்தவை, கையருகே கிடைத்தால் யோசிக்கலாம். இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை: 1850-களில் ஜான் பென் என்ற இங்கிலாந்துப் பொறியாளர் நீராவிக் கப்பலின் புரொப்பெல்லர் ஷாஃப்டுக்கு லிக்னம் வைட்டே என்ற மரத்தைத்தான் பேரிங்காகப் போட்டார். தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமான மரம், தன் பிசினே தனக்கு எண்ணெய். உலோகம் தோற்ற இடத்தில் மரம் ஜெயித்தது. நமக்கு அந்த மரம் இப்போது எளிதில் கிடைக்காது, அழிந்துவரும் பட்டியலில் இருக்கிறது.

லேத் வேலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பொருளைச் சரியாக வாங்கிவிட்டு இங்கே கோட்டை விடலாம். எனக்குச் செய்துகொடுத்தவர் கை சுத்தமானவர், ஆனால் இரும்பிலேயே வாழ்ந்தவர். 40 ஷாஃப்டுக்கு 0.2 இடைவெளி விடுங்கள் என்றால், "லொடலொடன்னு ஆடும் சார், 0.05 வெச்சுக்கலாம்" என்கிறார். இரும்பில் அவர் சொல்வது சரி. பிளாஸ்டிக்கில் வெயிலுக்கும் தண்ணீருக்கும் சேர்த்து இடம் விட வேண்டும். இன்னொன்று, புஷ்ஷைக் குழாயில் இறுக்கி இறக்கினால், வெளியே எவ்வளவு இறுக்கமோ கிட்டத்தட்ட அவ்வளவும் உள்விட்டத்தில் குறைந்துவிடும். வெளியே 0.1 அதிகம் வைத்தால் உள்ளே 0.1 போச்சு. இதைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன், வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை. முதலில் அரை மில்லிமீட்டர் மிச்சம் வைத்துக் கடைந்து, ஒரு நாள் சும்மா விட்டு, மறுநாள் ஆறிய பிறகு கடைசி அளவு எடுக்கச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே செய்தார், வெர்னியரில் அச்சாக வந்தது.

ஷாஃப்டைக் கழற்றிப் பார்த்தபோது பழைய புஷ் இருந்த இடத்தில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள். ஸ்டெயின்லெஸ் என்றால் துருவே பிடிக்காது என்று நினைக்கிறோம், காற்று போகாத இடுக்கில் தேங்கிய உப்புத் தண்ணீரில் அதுவும் அரிக்கும். எனக்கு ஆழமில்லை, 400 நம்பர் உப்புத்தாள், பிறகு 800, சுற்றித் தேய்த்து வழவழப்பாக்கினேன். நகம் மாட்டும் அளவுக்குக் குழி இருந்தால் எந்தப் புது புஷ்ஷும் அதன்மேல் நிலைக்காது, முதலில் ஷாஃப்டைப் பாருங்கள்.

இரண்டு புஷ்ஷும் ஒரே நேர்கோட்டில் உட்காருவதுதான் மிச்சமிருந்த கஷ்டம். குழாய் சொந்தமாகவே லேசாகக் கோணல். அதனால் புஷ்ஷைக் குழாயைவிட ஒரு மில்லிமீட்டர் சின்னதாகக் கடைந்து, வெளிச்சுவரில் இரண்டு சுற்றுப் பள்ளமும், நீளவாக்கில் நான்கு பள்ளமும் போட்டு, ஷாஃப்டில் மெழுகு தடவி, இரண்டு புஷ்ஷையும் ஷாஃப்டிலேயே மாட்டி, தடித்த எபாக்சியோடு மொத்தமாகக் குழாய்க்குள் ஏற்றி, ஷாஃப்ட் நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறுகவிட்டேன். 0.2 இடைவெளி நடுவில் நிற்க, புஷ்ஷுக்குள் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி வைத்து, பிறகு உருவிவிட்டேன். அசிட்டாலில் எபாக்சி ஒட்டாது, ஆனால் பள்ளத்துக்குள் இறுகி அதைத் திரும்பவிடாமலும் இறங்கவிடாமலும் பிடித்துக்கொள்கிறது. அடுத்த முறை மாற்ற வேண்டுமென்றால் புஷ்ஷை ரம்பத்தால் நீளமாக ஒரு கீறு கீறி உள்பக்கமாக மடித்து எடுத்துவிடலாம், குழாய்க்கு ஒன்றும் ஆகாது. ஒட்டாத குணம் இங்கே வசதியாகப் போயிற்று.

இரண்டு வருடம் கழித்துப் போன மாதம் அளந்தேன், கீழ் புஷ்ஷில் 0.2 இருந்தது 0.25 ஆகியிருக்கிறது, மேலே மாற்றமே தெரியவில்லை. இரவில் சத்தம் இல்லை. பலத்த காற்றில் டில்லர் கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது, இரண்டு புஷ்ஷிலும் சேர்த்து வரும் அந்த 450 கிலோ சுமையில் அசிட்டாலின் உராய்வுக்கு ஒரு மீட்டர் டில்லரின் நுனியில் இரண்டு கிலோ சொச்சம் தள்ள வேண்டிவரும். ரோலர் பேரிங் போட்டவர்கள் இங்கே சிரிப்பார்கள், சிரிக்கட்டும். சாதாரண நாளில் விரல் போதும், டில்லர் மறுபடி பேசுகிறது.

அந்த நைலான் புஷ்ஷை எறியவில்லை. சில மாதம் அலமாரியில் கிடந்தது. அந்த வழியாகப் போகும்போது காட்டுவோமே என்று அதையும், அதே அளவில் ஒரு ஷாஃப்ட் துண்டையும் எடுத்துக்கொண்டு அந்த ராடு கடைக்குப் போனேன். இது எப்படிக் கவ்வியது பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே மாட்டினேன். நன்றாகக் காய்ந்து பழைய அளவுக்குத் திரும்பியிருந்த புஷ், வெண்ணெய் மாதிரி வழுக்கி உள்ளே போயிற்று. கடைக்காரர் இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.